லினக்ஸ் கணினியில் விளையாட்டு

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தைப் படித்து முடிக்கும் மாணவர்,
• இயங்குதளம் என்பதன் பொருளை விளக்குவர்.
• ஓர் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட விளையாட்டு வேறோர் இயங்குதளத்தில் இயங்கும் முறையைக் கூறுவர்.
• கணினி விளையாட்டை வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரும் வழிகளை எடுத்துரைப்பர்.
• அறிவியல் செய்திகளைத் தமிழில் எழுதப் பழகுவர்.

நுழையும்முன்

கோடை விடுமுறையில் பாட்டி திருநெல்வேலியிலிருந்து போபாலுக்கு வந்திருக்கிறார். காலையில் வாசலில் காய்கறி வண்டி வந்து நிற்கிறது. பாட்டிக்கு இந்தி தெரியாது. வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி இருவருக்கும் இடையில் நிற்கிறாள்.

“அரைக்கிலோ வெண்டைக்காய், பிஞ்சாகப் பார்த்துப் போடச் சொல்லம்மா” என்கிறார் பாட்டி. பேத்தி அதனை இந்தியில் சொல்கிறாள். வண்டிக்காரர் விலையைச் சொல்கிறார். அதனைத் தமிழில் பாட்டியிடம் சொல்கிறாள். “கொசுறு கேள்” என்கிறார் பாட்டி. ‘கொசுறு’ என்பதற்கு நேரான இந்திச் சொல் பேத்திக்கு நினைவு வரவில்லை. சற்றே யோசித்து, “கொஞ்சம் கொத்துமல்லியும் இரண்டு பச்சைமிளகாயும் சும்மா போடுங்கள்” என்று இந்தியில் கேட்கிறாள். கொசுறு பையில் விழுகிறது.

பாட்டி இந்தி கற்கவில்லை. வண்டிக்காரர் தமிழ் கற்கவில்லை. ஆயினும் வேலை நடந்துவிட்டது. நடுவில் நின்ற ஒருத்தி இரண்டு மொழிகளையும், இரண்டு வழக்கங்களையும் அறிந்திருந்தாள். கணினிக்குள்ளும் இத்தகைய இடைநின்று பேசும் நிரல் ஒன்று உண்டு. அதனைப் பற்றியதே இப்பாடம்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியில் கையால் தொட்டு உணரக்கூடிய பகுதிகள் வன்பொருள்கள். மையச் செயலகம், நினைவகம், திரை, விசைப்பலகை ஆகியவை அவ்வகையின. அவற்றிற்கு ஆணையிடும் நிரல்கள் மென்பொருள்கள். இவ்விரண்டிற்கும் இடையில் நின்று எல்லாவற்றையும் மேற்பார்வையிடும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் ஆகும்.

ஒரு விளையாட்டு தானாகவே திரையில் படம் வரைவதில்லை. இயங்குதளத்திடம் வேண்டுகோள் விடுக்கிறது. ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்த ஒலியை எழுப்பு’, ‘வீரர் எந்தப் பொத்தானை அழுத்தினார் எனக் கூறு’ என ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற வேண்டுகோள்கள் செல்கின்றன. இவற்றை எந்தச் சொற்களால், எந்த ஒழுங்கில் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வோர் இயங்குதளமும் தனித்தனியே வரையறுத்துள்ளது. விண்டோஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட விளையாட்டு, விண்டோஸின் சொற்களிலேயே கேட்கும். அதே விளையாட்டை லினக்ஸ் கணினியில் வைத்தால், அது கேட்பது லினக்ஸுக்குப் புரியாது. கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டதால், லினக்ஸ் பயன்படுத்துவோர்க்கு நெடுங்காலம் விளையாட்டு எட்டாக்கனியாகவே இருந்தது.

பென்குயின் சின்னம் கொண்ட இயங்குதளம்

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக இணையத்தில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பொழுதுபோக்காகவே அதனைச் செய்வதாகவும், அது பெரிதாக வளராது என்றும் அவர் கருதினார். அவர் எழுதிய கருப்பகுதி ‘கெர்னல்’ எனப்படும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளோடு இக்கருப்பகுதி சேர்ந்தபோது முழுமையான இயங்குதளம் உருவாயிற்று.

லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இவ்வுரிமையே அதன் வளர்ச்சிக்குக் காரணம். இன்று ஆண்டிராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பது லினக்ஸ் கருப்பகுதியே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகள் அடங்கிய பட்டியலில், 2017ஆம் ஆண்டு நவம்பர் முதல் அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. மீக்கணினியை ஆண்ட லினக்ஸ், வீட்டுக் கணினி விளையாட்டில் மட்டும் பின்தங்கியிருந்தது வியப்பிற்குரியது.

முதல் முயற்சிகளும் ஒரு தோல்வியும்

தொடக்கத்தில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. 1993ஆம் ஆண்டு வெளிவந்து புகழ்பெற்ற ‘டூம்’ என்னும் விளையாட்டு, மறு ஆண்டே லினக்ஸுக்கும் மாற்றி எழுதப்பட்டது. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘லோக்கி’ என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. பிறர் உருவாக்கிய விண்டோஸ் விளையாட்டுகளை முறையாக உரிமம் பெற்று, லினக்ஸுக்கு மாற்றி எழுதி விற்பதே அதன் தொழில்.

ஆனால், ஒவ்வொரு விளையாட்டையும் தனித்தனியே மாற்றி எழுதப் பல மாதங்கள் பிடித்தன. அதற்குள் அவ்விளையாட்டின் விண்டோஸ் பதிப்பு கடைகளில் பழையதாகிவிட்டது. வாங்குவோரும் குறைவு. லினக்ஸில் விளையாட்டுகள் இல்லாததால் விளையாடுவோர் அதனை நாடவில்லை. விளையாடுவோர் நாடாததால் நிறுவனங்கள் அதற்கு விளையாட்டுகளை எழுதவில்லை. இந்தச் சுழலிலிருந்து லோக்கி வெளிவர இயலவில்லை. 2002ஆம் ஆண்டு சனவரியில் அது மூடப்பட்டது.

எனினும், அங்கு உழைத்தவர்களின் பணி வீணாகவில்லை. அந்நிறுவனத்தில் பணியாற்றிய சாம் லான்டிங்கா, ‘எஸ்.டி.எல்.’ என்னும் நிரல் நூலகத்தை 1998ஆம் ஆண்டு உருவாக்கியிருந்தார். ஒலி, படம், விசைகள் ஆகியவற்றைப் பல இயங்குதளங்களில் ஒரே முறையில் கையாள அது துணைபுரிந்தது. நிறுவனம் மறைந்த பின்னும் அந்நூலகம் வாழ்கிறது. இன்றும் எண்ணற்ற விளையாட்டுகள் அதனைப் பயன்படுத்துகின்றன.

இடைநின்று பேசும் நிரல்

ஒவ்வொரு நூலாக மொழிபெயர்ப்பதைவிட, எந்த நூலையும் படிக்கும்போதே பெயர்த்துச் சொல்லும் ஒருவர் கிடைத்தால் எளிதன்றோ? இவ்வெண்ணத்தில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே ‘வைன்’ என்னும் திட்டம். விண்டோஸ் நிரல் கேட்கும் ஒவ்வொரு வேண்டுகோளையும் லினக்ஸுக்குப் புரியும் வேண்டுகோளாக மாற்றி, வரும் விடையை மீண்டும் விண்டோஸ் முறைக்கு மாற்றிக் கொடுப்பது இதன் பணி. போபால் வாசலில் பேத்தி செய்ததும் இதுவே.

‘வைன் ஒரு பாவனைப் பொறி அன்று’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர் என்பர். பாவனைப் பொறி என்பது, ஒரு கணினி முழுவதையும் மற்றொரு கணினிக்குள் நடித்துக் காட்டும் மென்பொருள். அதனால் வேகம் மிகவும் குறையும். வைன் அவ்வாறு செய்வதில்லை. கணக்கிடும் ஆணைகள் மையச் செயலகத்திற்கு நேராகவே செல்கின்றன. விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் ஒரே வகைச் செயலகமே இருப்பதால் அவற்றை மாற்ற வேண்டியதில்லை. இயங்குதளத்தை நோக்கிய வேண்டுகோள்கள் மட்டுமே பெயர்க்கப்படுகின்றன. பாட்டி தம் பணப்பையைத் தாமே எண்ணிக்கொள்வார். பேசுவதற்கு மட்டுமே பேத்தி தேவை.

சொற்களை மட்டும் மாற்றினால் போதாது; வழக்கங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். சில எடுத்துக்காட்டுகள் வருமாறு:

• விண்டோஸில் வட்டுகளுக்கு ‘சி’, ‘டி’ என எழுத்துப் பெயர்கள் உண்டு. லினக்ஸில் அவ்வழக்கம் இல்லை; எல்லாக் கோப்புறைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. எனவே வைன், ஒரு கோப்புறையையே ‘சி’ வட்டு என விளையாட்டு நம்பும்படி அமைத்துக் கொடுக்கிறது.
• ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிய கோப்புப் பெயரையும் சிறிய எழுத்தில் எழுதியதையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் பொதுவாக அவற்றை இரு வேறு பெயர்களாகக் கொள்ளும். வைன் இவ்வேற்றுமையையும் சரிசெய்கிறது.
• கோப்பின் முகவரியை எழுதும்போது விண்டோஸ் இடப்புறம் சாய்ந்த கோட்டையும், லினக்ஸ் வலப்புறம் சாய்ந்த கோட்டையும் இடுகின்றன.

விண்டோஸின் மூலநிரல் வெளியாருக்குத் திறந்திருக்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் விண்டோஸ் எவ்வாறு விடையளிக்கிறது என்பதை வெளியிலிருந்து ஆய்ந்தே வைனை எழுத வேண்டியிருந்தது. பல நாடுகளைச் சேர்ந்த நிரலாளர்கள், பலரும் ஊதியமின்றி, இப்பணியில் ஈடுபட்டனர். அலெக்சாண்டர் ஜூலியார் 1994ஆம் ஆண்டு முதல் இத்திட்டத்தை வழிநடத்தி வருகிறார். வைனின் முதல் நிறைவுப் பதிப்பு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. தொடங்கி முடிக்க 15 ஆண்டுகள் ஆயின.

படம் வரையும் மொழி

கோப்பைத் திறப்பது போன்ற வேண்டுகோள்களைப் பெயர்ப்பதைக் காட்டிலும், படம் வரையும் வேண்டுகோள்களைப் பெயர்ப்பது கடினம். விளையாட்டில் ஓடும் குதிரையும் அசையும் புல்லும் ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனவை. நொடிக்கு 60 முறை அவை புதிதாக வரையப்படுகின்றன. அதாவது, ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. பெயர்த்துச் சொல்பவர் சற்றே தயங்கினாலும் படம் தடுமாறும்.

வரைகலை அட்டையிடம் பேச விண்டோஸ் விளையாட்டுகள் ‘டைரக்ட்3டி’ என்னும் முறையைப் பயன்படுத்துகின்றன. அது விண்டோஸுக்கே உரியது. 2016ஆம் ஆண்டு ‘வல்கன்’ என்னும் பொதுமுறை வெளியிடப்பட்டது. அது எல்லா இயங்குதளங்களுக்கும் திறந்தது. வரைகலை அட்டையை மிக நெருங்கிக் கையாள்வது. டைரக்ட்3டியை வல்கனாகப் பெயர்க்கும் ‘டி.எக்ஸ்.வி.கே.’ என்னும் நிரலை ஃபிலிப் ரேபோலே என்னும் நிரலாளர் எழுதத் தொடங்கினார். ‘நியர்: ஆட்டோமேட்டா’ என்னும் விளையாட்டைத் தம் லினக்ஸ் கணினியில் விளையாட வேண்டும் என்ற விருப்பமே அவரைத் தூண்டியது. அந்நிரலின் முதற்பதிப்பு 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. ஒருவர் தமக்காகச் செய்தது அனைவருக்கும் பயன்பட்டது.

இங்கும் ‘கொசுறு’ச் சிக்கல் எழுந்தது. டைரக்ட்3டியில் உள்ள ஒரு வசதிக்கு நேரான சொல் வல்கனில் இல்லை. அதனால் சில விளையாட்டுகளில் உருவங்கள் தோன்றாமல் போயின. 2018ஆம் ஆண்டு இறுதியில் வல்கனிலேயே அதற்கென ஒரு விரிவாக்கம் சேர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் தேவைக்காக ஒரு மொழி புதிய சொல்லை ஏற்றுக்கொண்டது போன்றது இது.

புரோட்டான்

2003ஆம் ஆண்டு முதல் ‘ஸ்டீம்’ என்னும் இணைய விளையாட்டுக் கடையை நடத்திவரும் வால்வு நிறுவனம், 2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் அக்கடையை லினக்ஸுக்கும் கொண்டுவந்தது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், வைன், டி.எக்ஸ்.வி.கே. முதலியவற்றை ஒன்றிணைத்துப் ‘புரோட்டான்’ என்னும் பெயரில் வெளியிட்டது. முதல் நாளில் 27 விளையாட்டுகளே அதற்கெனச் சோதித்து ஏற்கப்பட்டிருந்தன. இன்று ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகள் புரோட்டான் வழியாக லினக்ஸில் இயங்குகின்றன.

விளையாடுபவர் செய்ய வேண்டியது மிகச் சிறிது. லினக்ஸ் கணினியில் ஸ்டீம் மென்பொருளை நிறுவி, அமைப்புகள் பகுதியில் ‘இணக்கம்’ தொடர்பான பிரிவில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பிறகு விளையாட்டை நிறுவி, தொடங்கும் பொத்தானை அழுத்தினால் போதும். முதன்முறை தொடங்கும்போது சற்றுக் காலம் தாழ்க்கலாம். நிறமும் நிழலும் தீட்டும் சிறு நிரல்கள் அப்போது அந்தந்த வரைகலை அட்டைக்கேற்ப ஆயத்தமாகின்றன. புரோட்டான் விலையின்றிக் கிடைக்கிறது. விளையாட்டை அதன் விலை கொடுத்தே வாங்க வேண்டும்.

சோஃபாவிலிருந்து விளையாடுதல்

மேசைக் கணினி ஒருவர்க்கு உரியது. வரவேற்பறைத் தொலைக்காட்சி வீட்டார் அனைவர்க்கும் உரியது. அண்ணனும் தங்கையும் அருகருகே அமர்ந்து ஒரே திரையில் பந்தயம் ஓட்டும் இன்பம் மேசை முன் கிடைப்பதில்லை. ஆயினும், கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தவுடன் மூன்று இடர்கள் தோன்றும்.

முதலாவது, எழுத்தின் அளவு. மேசைத் திரைக்கும் கண்ணுக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டடித் தொலைவே உண்டு. சோஃபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இடையில் பத்தடி வரை இருக்கலாம். மேசைக்கென அமைந்த சிறு எழுத்துகளை அங்கிருந்து படிக்க இயலாது. இதற்காகவே வால்வு நிறுவனம் 2012ஆம் ஆண்டு ‘பெருந்திரை’ முகப்பை அறிமுகப்படுத்தியது. அதில் படங்களும் எழுத்துகளும் பெரியவை. சுட்டி இல்லாமல், மேல், கீழ், இடம், வலம் என்னும் நான்கு திசைப் பொத்தான்களாலேயே எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, கைக்கருவி. விசைப்பலகையையும் சுட்டியையும் மடியில் வைத்து விளையாடுவது எளிதன்று. ‘கன்ட்ரோலர்’ எனப்படும் இருகைக் கருவியே சோஃபாவிற்கு ஏற்றது. லினக்ஸின் கருப்பகுதியிலேயே பல வகைக் கன்ட்ரோலர்களை இயக்கும் நிரல்கள் சேர்க்கப்பட்டுள்ளன. பிளேஸ்டேஷன் கருவிகளுக்கான நிரலைச் சோனி நிறுவனமே எழுதி வழங்க, அது 2021ஆம் ஆண்டு கருப்பகுதியில் இடம்பெற்றது. ஆகவே பெரும்பாலான கருவிகளைப் புளூடூத் வழியாகவோ கம்பி வழியாகவோ இணைத்தவுடன் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, காலத்தாழ்வு. பொத்தானை அழுத்தும் நேரத்திற்கும் திரையில் வீரன் குதிக்கும் நேரத்திற்கும் உள்ள இடைவெளி அது. பல தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்துவதற்காக அதனைச் சற்றுநேரம் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. திரைப்படம் பார்க்கும்போது இது தெரியாது. விளையாட்டில் ஆள் பள்ளத்தில் விழுந்த பிறகே குதிப்பான். தொலைக்காட்சியின் அமைப்புகளில் ‘விளையாட்டு முறை’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இத்தாழ்வு பெரிதும் குறையும்.

கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்க இரு வழிகள் உள்ளன. கணினியை அருகிலேயே வைத்து, எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணைப்பது ஒன்று. படமும் ஒலியும் அக்கம்பி ஒன்றிலேயே செல்லும். கணினி வேறு அறையில் இருந்தால், வீட்டு வலையமைப்பின் வழியே படத்தை அனுப்புவது மற்றொன்று. விளையாட்டு கணினியிலேயே இயங்கும். அதன் படம் உடனுக்குடன் சுருக்கப்பட்டுத் தொலைக்காட்சிக்கு வரும். சோஃபாவில் அழுத்தும் பொத்தானின் செய்தி கணினிக்குத் திரும்பிச் செல்லும். கிரிக்கெட் நேரலையைப் போன்றதே இது. ஆனால் இங்குப் பார்ப்பவரே மட்டையைப் பிடித்திருக்கிறார். இம்முறைக்குக் கம்பியில்லா இணைப்பைவிடக் கம்பி இணைப்பே நிலையானது.

தோல்வி கற்பித்த பாடம்

2015ஆம் ஆண்டு நவம்பரில் ‘ஸ்டீம் மெஷின்’ என்னும் வரவேற்பறைக் கணினிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ‘ஸ்டீம் ஓஎஸ்’ என்னும் லினக்ஸ் வகை நிறுவப்பட்டிருந்தது. அப்போது புரோட்டான் இல்லை. லினக்ஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் மட்டுமே அவற்றில் இயங்கின. கடையில் நூல்கள் நிறைந்திருந்தும், வாங்கியவரால் சிலவற்றையே படிக்க முடிந்த நிலை அது. ஸ்டீம் மெஷின் மக்களிடம் வரவேற்புப் பெறவில்லை.

தோல்வியின் காரணம் தெளிவாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் லினக்ஸுக்கு மாற்றி எழுதும் என்று காத்திருப்பதால் பயனில்லை; இருக்கும் விளையாட்டுகளையே பெயர்த்து இயக்குதல் வேண்டும். புரோட்டான் அவ்வழியே வந்தது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்கக் கணினி வெளிவந்தது. ஏழு அங்குலத் திரையும் இருபுறமும் பொத்தான்களும் கொண்ட அக்கருவியின் உள்ளே இருப்பது லினக்ஸே. அதனைத் தாங்கி ஒன்றில் பொருத்தினால் தொலைக்காட்சியோடும் இணைக்கலாம். அதில் விளையாடுவோர் பலர், தாம் லினக்ஸ் பயன்படுத்துவதையே உணர்வதில்லை. இடைநின்று பேசுபவர் திறமையானவராக இருந்தால், பேசுவோர் இருவரும் அவரை மறந்துவிடுவது இயல்பு. 2025ஆம் ஆண்டு நவம்பரில், ஸ்டீம் மெஷின் என்னும் பெயரிலேயே புதிய வரவேற்பறைக் கணினி ஒன்றை அந்நிறுவனம் மீண்டும் அறிவித்தது.

இன்னும் இயங்காதவை

எல்லா விளையாட்டுகளும் லினக்ஸில் இயங்குவதில்லை. இணையத்தில் பலர் கூடிப் போட்டியிடும் விளையாட்டுகளில், ஏமாற்றி வெல்வோரைக் கண்டுபிடிக்கக் காவல் நிரல்கள் உள்ளன. அவற்றுள் சில, விண்டோஸின் கருப்பகுதிக்குள்ளேயே சென்று அமர்பவை. புரோட்டான் பெயர்த்துத் தருவது வேண்டுகோள்களை மட்டுமே. விண்டோஸின் கருப்பகுதி அங்கு இல்லை. ஆதலால் அத்தகைய காவல் நிரல்கள் இயங்க மறுக்கின்றன. ‘வேலரன்ட்’, ‘ஃபோர்ட்நைட்’ ஆகிய விளையாட்டுகள் இவ்வாறு லினக்ஸில் விளையாட இயலாதவை. வேறு சில காவல் நிரல்கள் 2021ஆம் ஆண்டு முதல் புரோட்டானை ஏற்கின்றன. ஆயினும் ஒவ்வொரு விளையாட்டிலும் அதற்கு இசைவளிப்பது அதனை உருவாக்கியவரின் விருப்பம்.

எனவே, ஒரு விளையாட்டை வாங்கும் முன் அது லினக்ஸில் இயங்குமா என்று அறிந்துகொள்வது நன்று. விளையாடியவர்கள் தம் பட்டறிவைப் பதிவு செய்யும் ‘புரோட்டான்டிபி’ என்னும் தளம் இதற்கு உதவுகிறது.

விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டுகளும் பல உண்டு. லினக்ஸின் பென்குயின் சின்னமான ‘டக்ஸ்’ வண்டியோட்டும் ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ அவற்றுள் ஒன்று. திரையைப் பகுத்து, ஒரே அறையில் பலர் சேர்ந்து அதனை விளையாடலாம். இவற்றின் மூலநிரலும் திறந்தது. ஆர்வமுள்ள மாணவர் அதனைப் படித்து நிரலாக்கம் கற்கலாம்.

பழைய கணினிக்குப் புதுவாழ்வு

விண்டோஸ் 10 பதிப்பிற்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அடுத்த பதிப்பு கேட்கும் பாதுகாப்புச் சில்லு முதலியன பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கியெறிவதா என்னும் கேள்வி பல வீடுகளில் எழுந்துள்ளது. பெற்றோர் சேமித்து வாங்கிய பொருள் அது. லினக்ஸ் நிறுவினால் அது மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். பழைய வரைகலை அட்டையால் புத்தம்புதிய விளையாட்டுகளைத் தாங்க முடியாது. ஆனால் அக்கணினி வாங்கிய காலத்து விளையாட்டுகள் பலவற்றை அது இயக்கும்.

நம் நாட்டிலும் லினக்ஸ் வேரூன்றியுள்ளது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் வகையைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்துமாறு உருவாக்கியது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் லினக்ஸ் கணினியிலேயே பயில்கின்றனர்.

முடிவுரை

ஒரு விளையாட்டு எந்த இயங்குதளத்தில் பிறந்தது என்பதனால் அதன் எல்லை முடிந்துவிடுவதில்லை. 1993ஆம் ஆண்டு சிலர் தொடங்கிய மொழிபெயர்ப்புப் பணி, தோல்விகளைக் கடந்து, இன்று வரவேற்பறைச் சோஃபா வரை வந்துள்ளது. அப்பணியைச் செய்தவர்கள் தாம் பிறந்த மொழியையும் விடவில்லை, பிற மொழியையும் வெறுக்கவில்லை. இரண்டையும் நன்கு கற்றனர். வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு அத்திறன் புதியதன்று. வாசலில் நின்று பாட்டிக்காகப் பேசும் ஒவ்வொரு முறையும் அவர்கள் அதனையே செய்கின்றனர்.

சொற்பொருள்

இயங்குதளம் – கணினியின் பணிகளை மேற்பார்வையிடும் அடிப்படை மென்பொருள்
மூலநிரல் – நிரலாளர் எழுதிய, படிக்கத்தக்க வடிவிலுள்ள நிரல்
மீக்கணினி – மிகப் பெரிய கணக்குகளை மிக விரைவாகச் செய்யும் கணினி
கொசுறு – வாங்கிய பொருளோடு விலையின்றிச் சேர்த்துத் தருவது
எட்டாக்கனி – அடைய முடியாதது
பட்டறிவு – அனுபவம்
காலத்தாழ்வு – தாமதம்
இசைவு – சம்மதம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. லினஸ் டோர்வால்ட்ஸ் பயின்ற பல்கலைக்கழகம் __________ நகரில் உள்ளது.
2. வைன் திட்டம் __________ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.
3. நொடிக்கு 60 படங்கள் வரைய வேண்டுமாயின், ஒரு படத்திற்கு ஏறத்தாழ __________ மில்லிநொடி கிடைக்கும்.
4. சென்னை சி-டாக் மையம் உருவாக்கிய லினக்ஸ் வகை __________.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக. தவறாயின் திருத்தி எழுதுக.
1. வைன், ஒரு கணினி முழுவதையும் மற்றொரு கணினிக்குள் நடித்துக் காட்டுகிறது.
2. முதல் ஸ்டீம் மெஷின் வெளிவந்தபோது புரோட்டான் இல்லை.
3. எல்லா இணையப் போட்டி விளையாட்டுகளும் லினக்ஸில் இயங்கும்.

இ. பிரித்து எழுதுக.
1. மென்பொருள்
2. வன்பொருள்
3. மூலநிரல்
4. கைக்கருவி
5. பெருந்திரை

ஈ. செயப்பாட்டுவினைத் தொடராக மாற்றுக.
1. சோனி நிறுவனம் அந்நிரலை எழுதியது.
2. பேத்தி பாட்டியின் பேச்சை மொழிபெயர்த்தாள்.

உ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லோக்கி நிறுவனம் மூடப்பட்டதற்குக் காரணம் யாது?
2. தொலைக்காட்சியில் ‘விளையாட்டு முறை’யைத் தேர்ந்தெடுப்பது ஏன்?
3. சில காவல் நிரல்கள் புரோட்டான் வழியே இயங்க மறுப்பது ஏன்?

ஊ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. வைன் செய்யும் பணியைப் பேத்தியின் செயலோடு ஒப்பிட்டு விளக்குக.
2. கணினியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது தோன்றும் மூன்று இடர்களையும் அவற்றிற்கான தீர்வுகளையும் எழுதுக.

எ. செயல்திட்டம்
இரு மொழியினரிடையே நின்று நீங்கள் பேசி உதவிய நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக. நேரான சொல் கிடைக்காத இடம் ஏதேனும் இருந்ததா? அதனை எவ்வாறு கடந்தீர்கள் என்பதையும் குறிப்பிடுக. எழுதியதை வீட்டிலுள்ள பெரியவரிடம் படித்துக் காட்டுக.